டெண்டர் கைமாறிப்போன பிறகு: எங்கே கேட்பது, எத்தனை நாளுக்குள், எது வரை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரசு வேலையை நம்பிப் பிழைக்கிற சிறு ஒப்பந்ததாரர்கள் ஏராளம். கிரேன் வாடகைக்கு விடுபவர், சாரம் கட்டுபவர், வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் ஆலைக்கு அனுப்புபவர், கால்வாய் தூர்வாருபவர், சாம்பல் லாரி ஓட்டுபவர் என்று பல தொழில். இவர்களுக்கு டெண்டர் போடத் தெரியும். விலைக் கணக்கு மனப்பாடம். போட்ட டெண்டர் முறையில்லாமல் தள்ளுபடியானால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு நிறுவனம் ஒருவருக்கு வேலை கொடுத்ததைக் கேள்வி கேட்கும் உரிமை தோற்றவருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமையைச் சட்டமும் நீதிமன்றமும் மிகவும் ஒடுக்கி வைத்திருக்கின்றன. விலையை ஒரு தடவை முடிவு செய்துகொள்ளும் ரேட் கான்ட்ராக்டின் கீழ் ஒவ்வொன்றாகக் கொடுக்கப்படும் ஒர்க் ஆர்டரைப் பற்றிக் கேட்பது அதைவிடக் கடினம். விலை உறை திறப்பதற்கு முன் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள்தான் பின்னால் உங்கள் வழக்கைத் தாங்கும்.

வேலை கொடுப்பவர் யார்?

எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதை வேலை கொடுப்பவரே தீர்மானிக்கிறார். வடசென்னையில் இது குழப்பமான விஷயம். ஒரே சாலையில் நாலு வகை முதலாளிகள் இருக்கிறார்கள்.

சென்னை மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரிய நிறுவனங்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்துக்கொள்ளும் மீன்வளத் துறை, நீர்வளத் துறை போன்றவை மாநில அரசைச் சேர்ந்தவை. இவற்றின் டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்துக்கும் 2000-ஆம் ஆண்டு வந்த அதன் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. இனி இதை டெண்டர் சட்டம் என்றே சொல்கிறேன்.

சென்னைத் துறைமுக ஆணையம், எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம், மணலியில் உள்ள சி.பி.சி.எல்., மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. இவற்றுக்கு மாநில டெண்டர் சட்டம் பொருந்தாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, அந்தந்த நிறுவனத்தின் கொள்முதல் கையேடு, டெண்டர் ஆவணம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் பேச வேண்டும். காமராஜர் துறைமுகம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம்தான். ஆனாலும் அரசின் கையில் இருப்பதால் அதன் மேல் ரிட் மனு போட முடியும்.

வல்லூர் அனல்மின் நிலையம் என்.டி.பி.சி.யும் தமிழ்நாட்டு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்துடையது. இப்படிப்பட்ட இடத்தில் எந்த விதிப்படி டெண்டர் நடக்கிறது என்பதை ஆவணத்தின் முதல் சில பக்கங்களிலேயே தேடிப் பார்த்து, பென்சிலால் குறித்துவையுங்கள்.

நாலாவது வகை தனியார். காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர் உரத் தொழிற்சாலை, வாகனத் தொழிற்சாலைகள் எல்லாம் இதில் அடக்கம். இவர்கள் யாருக்கு வேலை கொடுத்தார்கள் என்று கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் அதை மீறியதற்கு சிவில் வழக்கு உண்டு.

பத்து நாள்

மாநில அரசு டெண்டரில் தோற்றவருக்குச் சட்டமே ஒரு மேல்முறையீடு கொடுத்திருக்கிறது. டெண்டர் சட்டத்தின் 10-ஆம் பிரிவு மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும், யாருடைய டெண்டரை ஏற்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பிரிவின் கீழ் போடப்பட்ட உத்தரவால் பாதிக்கப்பட்டவர், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. அரசு என்றால் அந்தத் துறையின் செயலாளர். மாநகராட்சி டெண்டர் என்றால் நகராட்சி நிர்வாகத் துறை, மின்சாரம் என்றால் எரிசக்தித் துறை, மீன்பிடித் துறைமுகம் என்றால் மீன்வளத் துறை. எல்லாம் கோட்டையில்தான்.

பத்து நாள் என்பதில் சனி, ஞாயிறும் அடங்கும். அந்தக் கெடுவைத் தாண்டினால் மன்னிப்பு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எட்டாம் நாளே மனு உள்ளே போயிருக்க வேண்டும், ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டெக்னிக்கல் பிட்டில் தள்ளுபடியானது ஒரு நாள் தெரியவரும். விலை உறையைத் திறந்து எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) யார் என்று அறிவிப்பது இன்னொரு நாள். ஏற்பு உத்தரவு அதற்கும் பின்னால். எந்த நாளிலிருந்து பத்து நாள் என்று வாதாட முடியும்தான். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். தள்ளுபடித் தகவல் இணையதளத்தில் வந்த அன்றே திரையைப் படமெடுத்து வையுங்கள். மறுநாளே டெண்டர் அதிகாரிக்கு ஆட்சேபக் கடிதம் போகட்டும். பத்து நாளையும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

காரணம் தெரியாமல் மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏற்கப்பட்டவர் பெயரோடு மற்றவர்களை நிராகரித்த காரணத்தையும் டெண்டர் அறிவிப்பிதழுக்கு அனுப்ப வேண்டும் என்று அதே 10-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியைக் குறிப்பிட்டு, காரணத்தைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருப்பதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கிற தவறு. அந்தச் சட்டத்தில் பதிலுக்கே முப்பது நாள் கெடு. மேல்முறையீட்டுக் கெடுவோ பத்து நாள். தகவல் மனுவையும் போடுங்கள், அது பின்னால் உயர் நீதிமன்றத்தில் உதவும். மேல்முறையீட்டை மட்டும் அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். தெரிந்த காரணங்களை எழுதிவிட்டு, ஆவணங்கள் கிடைத்ததும் கூடுதல் காரணங்கள் சேர்க்க அனுமதி கேட்டு ஒரு பத்தி போட்டால் போதும்.

மத்திய நிறுவனங்களில் இப்படிப் பத்து நாள் மேல்முறையீடு சட்டத்தில் கிடையாது. டெண்டர் நிபந்தனைகளையும் நடைமுறையையும், தன் டெண்டரை நிராகரித்ததையும் கேள்வி கேட்க டெண்டர் ஆவணத்திலேயே வழி வைத்திருக்க வேண்டும் என்று பொது நிதி விதிகளின் 173-ஆம் விதி சொல்கிறது. துறைமுக டெண்டர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் அந்தப் பத்தியைத்தான் முதலில் தேட வேண்டும். யாருக்கு எழுதுவது, எத்தனை நாளுக்குள் என்று அங்கேதான் இருக்கும். பெரிய மதிப்புள்ள டெண்டர்களில் இன்டெக்ரிட்டி பாக்ட் என்று ஒரு கையெழுத்துத் தாள் சேர்ந்தே வரும். அதில் தனி வெளிக் கண்காணிப்பாளர்களின் பெயர் இருக்கும். அவர்களுக்கு எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. சிறு ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் வழி இது.

லஞ்சம் கைமாறியது என்று சந்தேகம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ மத்திய நிறுவனத்தின் விஜிலன்ஸ் அதிகாரிக்கோ புகார் கொடுக்கலாம். அது தனி வழி. அந்தப் புகார் டெண்டரை நிறுத்தாது, பத்து நாள் கெடுவையும் நீட்டாது.

நிபந்தனையே அநியாயமாக இருந்தால்

11-ஆம் பிரிவு மேல்முறையீடு ஏற்பு உத்தரவைப் பற்றியது. டெண்டர் நிபந்தனை ஒருவருக்காகவே வெட்டித் தைத்ததாக இருக்கிறது என்பதை அங்கே எழுப்ப முடியாது. அதற்குக் காலம் டெண்டர் போடுவதற்கு முன்புதான். மாநில விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். உங்கள் ஆட்சேபம் இந்த நாட்களுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். டெண்டர் போடுவதற்கு முன் நடக்கும் பிரீ-பிட் கூட்டத்தில் வாயால் கேட்டது கணக்கில் வராது. கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வி பதிவாகியிருக்கிறதா, கரிஜெண்டத்தில் (திருத்த அறிவிப்பில்) பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிபந்தனையைப் படித்து, வாய் திறக்காமல் டெண்டர் போட்டு, தோற்ற பிறகு நிபந்தனை சரியில்லை என்று போனால் நீதிமன்றம் கதவைச் சாத்திவிடும். டெண்டரே போடாமல் வெளியில் நின்றவர் நிலைமை இன்னும் மோசம். 2018-ல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் குவாலியர்–ஜான்சி சாலை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், டெண்டரில் கலந்துகொள்ளாதவர் அதன் முடிவை எதிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உயர் நீதிமன்றம் எதைப் பார்க்கும்

கோட்டை, உயர் நீதிமன்றம், துறைமுக ஆணைய அலுவலகம் மூன்றும் ராஜாஜி சாலையைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக முடியாது. மேல்முறையீடு இருக்கும்போது நேரே அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு போட்டால், அங்கே போய்விட்டு வாருங்கள் என்று அனுப்புவதே வழக்கம்.

மேல்முறையீட்டில் தோற்று உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும், அங்கே மறுபடியும் மார்க் போடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கோடு கிழித்தது. மெட்ராஸ் உட்பட நான்கு பெருநகரங்களில் செல்போன் சேவை உரிமம் கொடுத்ததைப் பற்றிய வழக்கு அது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ். மோகன் எழுதிய தீர்ப்பு. முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது, அந்த முடிவை எடுத்த விதத்தில் கோளாறு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் என்பது அதன் சாரம்.

2006-ல் ஒரிசாவின் ஜகதீஷ் மண்டல் வழக்கில் இதை இரண்டு கேள்வியாகச் சுருக்கினார்கள். ஒருவருக்குச் சாதகம் செய்யும் கெட்ட நோக்கம் இருந்ததா, அல்லது பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத அளவுக்கு முடிவு தாறுமாறாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பொது நலன் பாதிக்கப்பட்டதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் நீதிமன்றம் தலையிடாது. 2016-ல் நாக்பூர் மெட்ரோ வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள்: டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்குத்தான் அதன் பொருள் நன்றாகத் தெரியும், அவர் சொல்லும் பொருளை எளிதில் மாற்றக் கூடாது.

அப்படியானால் ஜெயிக்கவே முடியாதா? முடியும். வழக்கை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அனல்மின் நிலையம் ஒன்றில் சாம்பல் குழாய்ப் பராமரிப்புக்கு டெண்டர். நீங்கள் எண்ணூர்க்காரர், பத்து வருட வேலை அனுபவம். நீங்கள் கொடுத்த சான்றிதழில் குழாய்ப் பழுதுபார்ப்பு என்று இருக்கிறது, பராமரிப்பு என்று இல்லை. டெக்னிக்கல் பிட்டில் உங்களைத் தள்ளிவிட்டார்கள். உங்கள் முதல் மனுவில் பெரும்பாலும் என்ன இருக்கும்? உங்கள் விலை குறைவு, அரசுக்கு லாபம், இத்தனை வருடம் புகார் இல்லாமல் வேலை பார்த்தவர் என்றெல்லாம். இவ்வளவும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இதில் ஒரு வரிகூட நீதிமன்றத்தில் நிற்காது. விலை உறையே திறக்கப்படாதவர் விலையைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது ஜெயித்தவரின் சான்றிதழைப் பாருங்கள். அதிலும் பழுதுபார்ப்பு என்றே இருக்கிறது. அவருக்கு மட்டும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அவர் கொடுத்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கேதான் வழக்கு இருக்கிறது. ஒரே நிபந்தனை, ஒரே மாதிரிச் சான்றிதழ், இரண்டு பேருக்கு இரண்டு அளவுகோல். மனுவின் முதல் பக்கத்தில் நிபந்தனை எண், உங்கள் சான்றிதழின் வாசகம், அவருடைய சான்றிதழின் வாசகம், அவருக்குப் போன கடிதத்தின் தேதி ஆகிய நாலும் அட்டவணையாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் பின்னால் வரட்டும்.

2024-ல் பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்துக்கு எதிராக ஜெயித்தது இப்படித்தான். ஆவணக் குறை என்று ஒருவரைத் தள்ளிவிட்டு, இன்னொருவரின் குறையைக் கண்டுகொள்ளாமல் விட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கொடுத்த ஒப்பந்தமே ரத்தானது. தன் கைப்பட எழுதிய நிபந்தனையை அரசு தானே மீறக் கூடாது என்ற இந்தக் கொள்கை 1979-ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கிலிருந்து வருகிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டர் அது. பதிவு பெற்ற, ஐந்து வருட அனுபவமுள்ள ஹோட்டல்காரர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

ஆனால் அந்த வழக்கைப் போட்டவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமாக வந்திருந்தார், அதற்குள் ஒப்பந்தம் எடுத்தவர் பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார் என்பது காரணம். வழக்குப் போட்டவருக்கு அந்த டெண்டரில் உண்மையான அக்கறை இல்லை, வேறொருவருக்காக வந்திருக்கிறார் என்றும் நீதிமன்றம் கருதியது. சட்டம் தன் பக்கம் இருந்தும் நாள் கடந்ததால் வெறுங்கையோடு திரும்பியவரின் வழக்குதான் இந்தத் துறையின் மூல வழக்கு என்பதை மறக்க வேண்டாம்.

தடையாணை கிடைக்குமா?

தோற்றவர் எல்லோரும் முதலில் கேட்பது ஸ்டே. வடசென்னையில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குச் சட்டக் காரணம் ஒன்று, ஊர்க் காரணம் ஒன்று.

2018-ல் திருத்தப்பட்ட குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 20ஏ என்ற பிரிவு வந்தது. அட்டவணையில் உள்ள உள்கட்டமைப்புத் திட்டத்துக்குத் தடையோ தாமதமோ வரும்படி சிவில் நீதிமன்றம் தடையாணை கொடுக்கக் கூடாது என்கிறது. துறைமுகம், சாலை, பாலம், மின்சாரம், குடிநீர், கழிவுநீர் எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கின்றன. வடசென்னையில் நடக்கிற வேலைகளில் பல இதற்குள் வந்துவிடும். ரிட் மனுவிலும் இதே நோக்கை மனத்தில் கொள்ள வேண்டும் என்று 2022-ல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜார்க்கண்டில் ஒரு சாலை வேலை பற்றிய வழக்கு அது. டெண்டரில் தவறு நடந்திருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டாம், பாதிக்கப்பட்டவரை நஷ்டஈடு கேட்க அனுப்புங்கள் என்பதுதான் அதன் வழிகாட்டுதல்.

ஊர்க் காரணம் இதைவிடப் பலமானது. சாம்பல் குழாய் டெண்டருக்கு ஸ்டே கேட்டால், பராமரிப்பு நின்று குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலக்கும் என்பார் அரசு வழக்கறிஞர். அந்த ஆற்றில் சாம்பல் படிந்து கிடப்பதை எண்ணூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அவர் சொல்வதை மறுக்க முடியாது. பக்கிங்காம் கால்வாய் தூர்வாரும் டெண்டருக்கு செப்டம்பரில் ஸ்டே கேட்டால், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது என்பார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம் வரை வந்ததைப் பார்த்த பிறகு எந்த நீதிபதியும் அந்த வாதத்தை எளிதாக ஒதுக்க மாட்டார். அப்படி ஒதுக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். மீனவர் வலையிலும் குடிசைக்குள்ளும் வந்து சேரும் விளைவு அது.

ஆகவே வேலையை நிறுத்தும்படி கேட்பதைவிட, இடைக்காலத்தில் வேறு விதமாகக் கேளுங்கள். வழங்கப்படும் ஒப்பந்தம் இந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்ற ஒரு வரி உத்தரவு போதும். மூன்று வருட ஒப்பந்தம் என்றால், அவசரப் பகுதி நடக்கட்டும், மீதி வழக்கு முடியும் வரை நிற்கட்டும் என்றும் கேட்கலாம். பொது நலனைப் பற்றி நீங்களே முதலில் பேசினால் மனுவுக்கு மதிப்பு கூடும்.

இயற்கைப் பேரிடர் காலத்தில் டெண்டர் இல்லாமலே வேலை கொடுக்க டெண்டர் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. வெள்ளத்திலும் புயலிலும் நேரடியாகக் கொடுத்த வேலையைத் தாக்கிப் பயனில்லை. வெள்ளம் வடிந்து மாதக்கணக்கான பிறகும் அதே காரணத்தைச் சொல்லி நீட்டித்துக்கொண்டே போனால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

ரேட் கான்ட்ராக்டும் ஒர்க் ஆர்டரும்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துச் சிறு நிறுவனங்களை அதிகம் வாட்டுவது இதுதான். டெண்டர் ஒரு தடவை நடக்கும். மூன்று நாலு பேரை ஒரே விலையில் பட்டியலில் சேர்ப்பார்கள். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு வேலை வரும்போதெல்லாம் ஒர்க் ஆர்டர். பட்டியலில் பெயர் இருக்கும். ஆர்டர் மட்டும் ஒருவருக்கே போய்க்கொண்டிருக்கும். டெபாசிட்டைக் கட்டி, ஆட்களை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இதற்கு நேரடியாகவே சட்டம் இருக்கிறது. 1994-ல் வந்த கொள்முதல் சீர்திருத்தச் சட்டம் இப்படித் தனித்தனியாகக் கொடுக்கும் ஆர்டர்களை எதிர்த்து முறையிடுவதைப் பொதுவாகத் தடுத்துவிட்டது. மூல ஒப்பந்தத்தின் எல்லையையோ காலத்தையோ உச்சவரம்பையோ ஆர்டர் மீறினால் கேட்கலாம். சிவில் துறைகளில் 1 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர் என்றாலும் கேட்கலாம். அதைக் கேட்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு இருக்கிறது, நூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நம்மிடம் அப்படித் தொகை வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. அதனால் வழி அகலம் என்று நினைத்துவிடக் கூடாது. டெண்டர் சட்டத்தின் மேல்முறையீடு 10-ஆம் பிரிவு ஏற்பு உத்தரவுக்குத்தான். பட்டியல் போட்ட அன்றே அந்த உத்தரவு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ஒர்க் ஆர்டரும் ஏற்கெனவே இருக்கிற ஒப்பந்தத்தை நடத்துவதுதான் என்று எதிர்த் தரப்பு சொல்லும், அதை உடைப்பது கஷ்டம். போதாததற்கு, குறைந்தபட்ச அளவுக்கு உத்தரவாதமில்லை என்ற நிபந்தனையில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

ஆனாலும் சில இடங்களில் கேட்க முடியும். பட்டியலில் இருந்த வேலை வகைக்குள் வராத புது வேலையை ஒர்க் ஆர்டராகக் கொடுத்தால், அது டெண்டர் இல்லாமல் கொடுத்த புது ஒப்பந்தம். அரசு நிறுவனம் பொது டெண்டர் மூலமே ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், விதிவிலக்கு அபூர்வமாகத்தான் என்று 2006-ல் மீரட் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே காட்டலாம். குழாய் வெல்டிங் ரேட் கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் மாற்றும் வேலையைத் திணித்தால் அது இந்த வகை. காலம் முடிந்த ரேட் கான்ட்ராக்டில் தேதி கடந்து ஆர்டர் கொடுத்தாலும் கேட்கலாம். பட்டியலிலேயே இல்லாதவருக்குக் கொடுத்தாலும் கேட்கலாம்.

வேலையை எப்படிப் பங்கிடுவது என்று ஆவணத்தில் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு மிகப் பெரிய பிடி. எல்-1க்கு இத்தனை சதவீதம், எல்-2க்கு இத்தனை சதவீதம் என்றோ, சுழற்சி முறை என்றோ ஒரு வரி இருந்தால், அதை மீறுவது நிறுவனம் தன் விதியைத் தானே மீறுவது. அந்த வரி இல்லாத டெண்டரில் பிரீ-பிட் கூட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒர்க் ஆர்டர் எந்த அடிப்படையில் பங்கிடப்படும் என்ற ஒற்றைக் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். பதில் கரிஜெண்டத்தில் வந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி. பதில் வரவில்லை என்றாலும், கேட்டதற்கு ஒப்புகை இருக்கும். இங்கே சொன்னவற்றில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். ஒர்க் ஆர்டர் எண், தேதி, யாருக்கு, என்ன வேலை, எவ்வளவு தொகை என்று ஐந்து பத்தி போதும். ஆர்டர் விவரங்களைத் தகவல் உரிமை மனு மூலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டு நிரப்புங்கள். இங்கே பத்து நாள் கெடு நெருக்காது, அதனால் தகவல் உரிமைச் சட்டம் முழுதாகப் பயன்படும். இரண்டு வருடம் கழித்து வாயால் சொல்லும் குறையைவிட, ஒருவருக்கே வேலை போனதைக் காட்டும் இந்த நோட்டுக்குத்தான் செயற்பொறியாளர் மேஜையிலும் நீதிமன்றத்திலும் மரியாதை.

இப்படியெல்லாம் இருந்தும் ஒர்க் ஆர்டர் வரவில்லை என்ற வழக்கு பெரும்பாலும் ஒப்பந்தத் தகராறாகவே நடத்தப்படும். உண்மை விவரங்களில் தகராறு இருந்தால் ரிட் மனுவை ஏற்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருந்தால் அங்கே போக வேண்டும். மத்திய நிறுவனங்களில் 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் ஆர்பிட்ரேஷன் வைத்தால் போதும் என்று 2024 ஜூனில் நிதி அமைச்சகம் வழிகாட்டியிருக்கிறது. மாநில அரசு ஒப்பந்தங்களில் பலவற்றில் அது இருப்பதே இல்லை. பிறகு வணிக நீதிமன்றம்தான். அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் அங்கே போகும் முன் சமரசப் பேச்சுக்கு மனு போட்டே ஆக வேண்டும். செலவையும் காலத்தையும் கணக்குப் போட்டால், சின்ன ஆர்டர் ஒன்றுக்காக இந்த வழியில் இறங்குவது சரியில்லை. அடுத்த டெண்டருக்கு அந்தப் பணமும் தெம்பும் தேவைப்படும்.

வழக்குப் போட்டால் பிளாக்லிஸ்ட் செய்வார்களோ

இந்தப் பயம் எல்லோரிடமும் இருக்கிறது. சாலை ஓரத்து டீக்கடையில் நின்று பேசினால் கேட்கலாம்: "கேஸ் போட்டுட்டு நாளைக்கு அதே ஆபீஸ்ல பில் பாஸ் பண்ணணும்ணே." அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் மேல்முறையீடு செய்ததற்காக ஒருவரைக் கருப்புப் பட்டியலில் வைக்க முடியாது. எந்தக் காரணத்துக்காக வைப்பதென்றாலும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்த நோட்டீசிலேயே கருப்புப் பட்டியல் நடவடிக்கை என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது 2014-ல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த சட்டம். விளக்கம் கேட்டு வந்த கடிதம் எதையும் பதில் போடாமல் மூலையில் வைக்காதீர்கள். பில் நிலுவையையும் டெண்டர் மேல்முறையீட்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதவும் வேண்டாம்.

நீங்களே ஜெயித்திருந்தால்

இத்தனையும் தோற்றவருக்குச் சொன்னது. ஜெயித்தவருக்கும் வேலை இருக்கிறது. ஏற்புக் கடிதம் வந்ததும் உங்கள் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் கேவியட் போடுங்கள். உங்களைக் கேட்காமல் ஸ்டே வராமல் தடுக்க இது உதவும். அதன் ஆயுள் 90 நாள், தேவைப்பட்டால் புதுப்பிக்க வேண்டும். மேல்முறையீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்காமல் விசாரணை நடந்தால், உங்களையும் கேட்க வேண்டும் என்று துறைச் செயலாளருக்கு எழுதுங்கள்.

இடத்தை ஒப்படைத்த தேதி, எந்திரம் வந்து இறங்கிய தேதி, ஆட்கள் சேர்த்த பதிவேடு, இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டிய ரசீது, பொருள் வாங்கிய பில் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே தனிக் கோப்பில் சேருங்கள். வழக்கு வரும்போது வேலை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்று நீதிமன்றம் கேட்கும். பம்பாய் விமான நிலைய உணவகக்காரருடைய ஒப்பந்தம் பிழைத்ததற்கு, அவர் அதற்குள் செலவு செய்து வேலையைத் தொடங்கியிருந்ததும் ஒரு காரணம். உங்கள் கோப்பில் தேதியும் தொகையும் போட்ட ரசீதுகள் இருந்தால், பதில் மனுவை ஒரே நாளில் தாக்கல் செய்துவிடலாம்.